எக்ஸ்போர்ட் பொத்தான் மகாத்மியம்

மனிதன் கட்டிய கோட்டைகளிலேயே பலமானது எது என்று கேட்டால், விவரமில்லாதவர்கள் உதயகிரியைச் சொல்வார்கள். உதயகிரிக் கோட்டைக்குள் டிக்கெட் எடுத்த எவரும் போய் மானைப் பார்த்துவிட்டுச் சேதாரமில்லாமல் திரும்பி வரலாம். வட்டக்கோட்டையில் கடல்காற்று கேட்பாரில்லாமல் போய் வருகிறது. உள்ளே போனது எதுவும் வெளியே வராத கோட்டை குமரி மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அருமனையில், பொன்னு டிரேடர்ஸ் என்ற மாட்டுத்தீவனக் கடையில், ஓமனாவின் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது. "குபேரன் கோல்டு" என்று பெயர். கணக்கு மென்பொருள்.

குபேரன் கடைக்கு எழுந்தருளிய நாள் ஓமனாவுக்கு நன்றாக நினைவிருந்தது. முதலாளி பொன்னுலிங்கம் மானிட்டருக்குச் சந்தனம் தொட்டு, மல்லிகை மாலை சாத்தி, ரப்பர் ஷீட் வியாபாரிகள் முன்னிலையில் ரிப்பன் வெட்டினார். மாலையை யாரும் கழற்றக்கூடாது என்று உத்தரவு. அதனால் அன்று முழுக்க ஓமனா பூவை விலக்கி விலக்கித்தான் பில் போட்டாள். குபேரனை விற்க நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த செல்வதாஸ் கழுத்தில் டை கட்டியிருந்தார். அருமனையில் அதுவரை இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் மட்டுமே டை கட்டிவந்தார்கள்.

"இனி உங்க டேட்டா உங்க உள்ளங்கையில," என்றார் செல்வதாஸ். எல்லோரும் கைதட்டினார்கள். ஓமனாவும் தட்டினாள். பி.காம் படித்தவள். பேரேடு எழுதி எழுதி அவள் விரலில் காய்ப்பு விழுந்திருந்தது. அதனால் சற்று அதிகமாகவே தட்டினாள்.

குபேரனுக்கு ஒரு கொள்கை உண்டு. வாங்குகிறவரின் செல்போன் நம்பர் இல்லாமல் அது பில் போடாது. ஒரு கிலோ தவிட்டுக்கும் நம்பர் வேண்டும். நேசபாய் மாமி ஒரு மூட்டை தீவனம் வாங்க வந்தபோதும் ஓமனா கேட்டாள். நேசபாய் மலையடி ரப்பர் தோட்டத்துக்குள் தனியாக இருப்பவர். மகன் குவைத்தில்.

"எனக்க நம்பரு எனக்கு எங்க மக்ளே தெரியும்? மோன் விளிப்பான், நான் எடுப்பேன். அவ்வளவுதான்," என்றபடி போனைத் திருப்பிக் காட்டினார். முதுகில் மகன் தாளில் எழுதி ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து ஓமனா தட்டினாள்.

"எதுக்காக்கும் நம்பரு?"

"ஏதாவது ஒரு அவசரம்னா விளிச்சுச் சொல்லத்தான் மாமி."

இதைச் சொன்னபோது ஓமனா பொய் சொல்லவில்லை. செல்வதாஸ் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அந்த அவசரம் சித்திரை மாதத்தில் வந்தது. தீவனக் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். மூட்டையில் "மார்-11" என்று அச்சிட்ட சரக்கில் பூசணம் பிடித்திருக்கிறதாம். மற்ற மாடுகளுக்குக் கழிச்சல் வரும், செனைப்பசு தின்றால் உயிருக்கே ஆபத்து, வாங்கினவர்களிடம் உடனே சொல்லி நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஓமனா பதறிப்போய் முதலாளியிடம் ஓடினாள். பொன்னுலிங்கம் பதறவில்லை.

"நீ ஏன் பிள்ளே பயப்படுக? நம்மகிட்ட குபேரன் உண்டுல்லா! மார்-11 வாங்கினது யாரு யாருண்ணு எடு. எல்லாத்தையும் விளிச்சுச் சொல்லிரலாம்."

ஓமனா குபேரனைத் திறந்தாள். குபேரன் பில்லைக் காட்டும். ஒரு நேரத்தில் ஒரு பில். மார்-11 எந்தப் பில்லில் இருக்கிறது என்று தேடித் தராது. பில்லைத் திறந்தால் வாங்கினவர் பெயர் இருக்கும். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள் இருக்கும். "பாதுகாப்பு கருதி மறைக்கப்பட்டுள்ளது" என்று கீழே ஒரு குறிப்பு. அந்த நம்பர்கள் அத்தனையையும் தட்டியவள் ஓமனா. அவளிடமிருந்தும் அவை பாதுகாக்கப்பட்டிருந்தன.

திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. "எக்ஸ்போர்ட்." அதை அமுக்கினால் விவரம் முழுவதும் எக்செல் ஷீட்டாக வெளியே வரும் என்று செல்வதாஸ் ரிப்பன் வெட்டிய அன்று சொல்லியிருந்தார். ஓமனா அமுக்கினாள். ஒரு பெட்டி திறந்தது. "வாழ்த்துகள்! இந்த வசதி குபேரன் பிளாட்டினத்தில் உள்ளது."

செல்வதாஸுக்குப் போன் போட்டாள்.

"சாரே, எக்ஸ்போர்ட் பொத்தான் கோல்டுல இருக்கே?"

"இருக்குல்லா மேடம். பொத்தான் கோல்டு வசதி. அமுக்கினா நடக்கிறது பிளாட்டினம் வசதி."

"அப்பம் பொத்தான எதுக்கு வச்சிய?"

"கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை வேணும்லா."

மறுநாள் கடையில் அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது. பொன்னுலிங்கம் தலைமை. செல்வதாஸ் சிறப்பு விருந்தினர். ஓமனா பொதுமக்கள். சாயாவும் ரசவடையும் வந்தன. முதல் பொருளாக, விஷயத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று விவாதிக்கப்பட்டது. "கெட்டுப்போன தீவனம்" என்றால் கடைக்குக் கெட்ட பெயர். "தர மறுபரிசீலனையில் உள்ள கால்நடைச் சத்துணவு" என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. இரண்டாவது பொருளுக்கு வருவதற்குள் கரண்டு போயிற்று. அந்த வருடம் கரண்டு வருவதுதான் செய்தி, போவது வழக்கம். யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்தது. அதன்மேல் குரல் உயர்த்தி செல்வதாஸ் தகவல் பாதுகாப்பைப் பற்றி உரை நிகழ்த்தினார்.

ஓமனாவால் பொறுக்க முடியவில்லை. "சாரே, அங்க மாடு அதத் தின்னுட்டு நிக்குது. அந்த நம்பர மட்டும் எடுத்துத் தாருங்க."

"மேடம், நீங்க ஒரு மாட்டப் பத்தி யோசிக்கிய. நான் டேட்டாவப் பத்தி யோசிக்கேன். டேட்டா வெளிய போச்சுண்ணா?"

"பிண்ணாக்கு வாங்கினவங்க பேர வச்சுக்கிட்டு யாரு என்ன செய்யப் போறா?"

"அதாக்கும் உங்களுக்குத் தெரியாதது. டேட்டாங்கது இந்தக் காலத்துல பெட்ரோலு. உலகமே அதுக்கு அலையுது."

பொன்னுலிங்கம் உலகத்தை நினைத்துக் கவலைப்பட்டு இன்னொரு ரசவடை எடுத்துக்கொண்டார்.

கரண்டு வந்ததும் செல்வதாஸ் தலைமை அலுவலகத்தோடு பேசி, மனிதாபிமான அடிப்படையில் பச்சைப் பொத்தானுக்கு அன்று ஒருநாள் மட்டும் உயிர் கொடுத்தார். ஓமனா மறுபடியும் அமுக்கினாள். மணல்கடிகாரம் சுற்றியது. ஷீட் வந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

முதல் பத்தி முழுக்க "பொன்னு டிரேடர்ஸ், அருமனை" என்று இருந்தது. பெயர் ஒரு வரியில், சரக்கு அதற்கு மூன்று வரி கீழே, நடுவில் "வணக்கம், மீண்டும் வருக." ஒழுங்குபடுத்தலாம் என்று ஓமனா அகரவரிசைக்குப் போட்டாள். போட்டதும் மனிதர்கள் எல்லோரும் ஒருபக்கமாகவும் தீவனங்கள் எல்லாம் இன்னொரு பக்கமாகவும் பிரிந்து நின்றார்கள். "மீண்டும் வருக" ஓர் அணியாகத் திரண்டு நின்றது. மார்-11 என்பது மார்ச் பதினொன்று என்று தேதியாகி, விற்ற தேதிகளோடு கலந்துவிட்டது.

நம்பர் இருந்த பத்தியில் 9.44E+09 என்று இருந்தது. அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்ததிலும். ஓமனா பத்தியை அகலப்படுத்திப் பார்த்தாள். ஒன்பது, நான்கு, நான்கு. அதன்பிறகு சைபர், சைபர், சைபர். ஊரில் பி.எஸ்.என்.எல். வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே நம்பர்.

"கண்டியளா," என்றார் பொன்னுலிங்கம் நெகிழ்ந்துபோய். "நம்ம கஸ்டமர் எல்லாம் ஒரே குடும்பம்."

"மீதி நம்பரு எங்க சாரே?"

"உள்ளதான் மேடம் இருக்கு. பத்திரமா இருக்கு. வெளிய வரும்போது சுருங்கித்தான் வரும். பிளாட்டினம்னா முழுசா வரும். கொட்டேஷன் அனுப்பட்டா?"

ஓமனா எழுந்து வீட்டுக்குப் போனாள். சோறு இறங்கவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் எங்கே வருவார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. விடிந்ததும் பால் சொசைட்டியில் போய் நின்றாள். தூக்குவாளியோடு வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, மூட்டையில் மார்-11 என்று இருந்தால் கொடுக்கவேண்டாம், கடைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று சொன்னாள். தொண்டை கட்டிப்போயிற்று. சாயங்காலமும் நின்றாள். மறுநாள் மூட்டைகள் ஆட்டோவிலும் சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் வந்து கடைவாசலில் குவிந்தன. மாடுகள் பலதுக்குக் கழிச்சல், ஆனால் எல்லாம் எழுந்து நின்றன.

இந்த வெற்றியைக் கொண்டாட பொன்னுலிங்கம் இன்னொரு கூட்டம் கூட்டினார். "நவீன தொழில்நுட்பத்தின் துணையோடு துரித நடவடிக்கை எடுத்தமைக்காக" செல்வதாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஓமனாவால் பேச முடியாததால் அவள் நன்றியுரை ரத்து செய்யப்பட்டது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது நேசபாய் வந்தார். செருப்பில்லாமல், வெயிலில் நடந்தே வந்திருந்தார்.

"மக்ளே, பசு ரெண்டு நாளா எழும்பல்ல. ஒண்ணும் தின்னல்ல. தீவனத்த மட்டும் நான் கையில வச்சுக் குடுத்தா நக்குது. வேற நல்ல தீவனம் ஏதாவது உண்டா?"

ஓமனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பசு நிறைசெனை. கறவை நிறுத்தி மாதமாயிற்று. கறவை இல்லாதவர் பால் சொசைட்டிக்கு எதற்கு வருவார்?

ஆட்டோ பிடித்து, வழியில் மாட்டு டாக்டரையும் ஏற்றிக்கொண்டு போனாள். தொழுவத்து மூலையில் மூட்டை சாய்ந்திருந்தது. மார்-11. டாக்டர் பசுவின் கண்ணைப் பிரித்துப் பார்த்தார், வயிற்றில் கைவைத்துப் பார்த்தார், ஊசி போட்டார். ஓமனாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இருட்டும் நேரத்தில் பசு காலை நீட்டிக்கொண்டது. கன்று வயிற்றுக்குள்ளேயே போயிற்று.

நேசபாய் அழவில்லை. பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"எனக்க நம்பரு நீ வாங்கி வச்சியே மக்ளே? ஒண்ணு விளிச்சிருக்கப்பிடாதா?"

ஷீட்டைப் பற்றியும் சைபர்களைப் பற்றியும் நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல ஓமனா வாயெடுத்தாள். சொன்னால் தனக்கே புரியாது என்று தோன்றியது. பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நேசபாய்தான் அவள் தோளைத் தட்டினார்.

பொன்னுலிங்கம் இரக்கமுள்ளவர். கேள்விப்பட்டதும் மனம் பொறுக்காமல், நேசபாய்க்கு இலவசமாக ஒரு மூட்டை மாட்டுத்தீவனம் அனுப்பிவைத்தார். புது சரக்கு. பசுவில்லாத தொழுவத்தில் அது பழைய கயிற்றுக்குப் பக்கத்தில் இருந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் நேசபாய் கடைக்கு வந்தார். போனை நீட்டினார்.

"இதுல இங்கிலீஷ்ல என்னமோ வந்து கெடக்கு. மோன் அனுப்பினதாண்ணு வாசிச்சுச் சொல்லு."

மகன் அனுப்பியதில்லை. ஓமனா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"அன்புள்ள நேசபாய் அவர்களே, பொன்னு டிரேடர்ஸில் தாங்கள் வாங்கிய மார்-11 மாட்டுத்தீவனம் இந்நேரம் தீர்ந்திருக்கும். தங்கள் பசுவைப் பசியோடு விடாதீர்கள். இன்றே வாங்குங்கள். இப்படிக்குத் தங்கள் நலம் விரும்பும் குபேரன்."

பெயர் சரியாக இருந்தது. சரக்கு சரியாக இருந்தது. நம்பரில் ஒரு சைபரும் கூடுதல் இல்லை; சரியாக வந்து சேர்ந்திருந்தது.

ஓமனா கடைப் போனில் செல்வதாஸைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாரே, நம்பரு வெளிய வராதுண்ணு சொன்னிய. இது எப்படிப் போச்சு?"

"எங்க மேடம் வெளிய போச்சு? எங்க ஆபீசுக்குத்தானே வந்திருக்கு? நாங்க என்ன வெளியாளா?" செல்வதாஸின் குரலில் உற்சாகம் தெரிந்தது. "புதுத் திட்டமாக்கும். எல்லா கடையிலயும் உள்ள எல்லா கஸ்டமருக்கும் மாசாமாசம் போகும். ஆளுக்கு ஆள், பசுவுக்குப் பசு, தனித்தனியா போகும்."

"அன்னைக்கு இத அனுப்பியிருந்தா..."

"அன்னைக்கு நீங்க கேட்டது எச்சரிக்கை மேடம். இது விளம்பரம். விளம்பரத்துக்கு எக்ஸ்போர்ட் வேண்டாம்."

நேசபாய் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, மரியாதையாகச் சொன்னார்:

"தம்பி, எனக்க பேர அதுல இருந்து அழிச்சிரு. எனக்குப் பசு இல்ல."

"அது மட்டும் நடக்காதும்மா," என்றார் செல்வதாஸ் பெருமையோடு. "ஒருக்கா குபேரனுக்குள்ள வந்துட்டா அழிவே கிடையாது. உங்க பேரு, உங்க நம்பரு, உங்க பசு, எல்லாம் எங்ககிட்ட காலத்துக்கும் பத்திரமா இருக்கும்."