ரிஜெக்ட் அண்ணன் ஒட்டிய அம்பு

ஆம்பூரில் ரிஜெக்ட் அண்ணனிடம் குறை கேட்காத மனிதர் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பிறந்திருந்தால் அண்ணன் தொட்டிலை எட்டிப் பார்த்து, "காது ரெண்டும் ஒரே சைஸ்ல இல்லியேமா" என்று பெற்றவளிடமே சொல்லியிருப்பார். என் அக்கா மகன் பிறந்தபோது அப்படித்தான் சொன்னார். பையன் இப்போது காலேஜ் போகிறான். அக்கா இன்றைக்கும் அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக் காதைப் பார்த்துவிட்டு, "அந்த ஆளு நாசமாப் போக" என்கிறாள். அதற்காகத்தான் அவள் பார்ப்பதே.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் ஷூ கம்பெனியில் யாருக்கும் தெரியாது. நான் ஷிப்பிங் செக்‌ஷன், அவர் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு முடிந்த ஷூக்கள் கடைசியாக அவர் மேஜைக்குத்தான் வரும். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கட்டை விரலால் தடவுவார். குறை இருந்தால் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அம்பு முனை எங்கே பார்க்கிறதோ அங்கே தப்பு. அந்த ஷூ ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரும்.

இதில் எங்கள் கம்பெனிக்கு ஒரு சட்டம் உண்டு. அம்பை ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும். குறை சரியாகிவிட்டதா என்று அவரே பார்த்து, அவர் கையாலேயே உரிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. ஒருமுறை சரக்கு அனுப்பும் அவசரத்தில் எங்கள் மேனேஜரே ஓர் அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டார். அண்ணன் விடவில்லை. கட்டி முடித்த பெட்டிகளை எல்லாம் மறுபடி பிரிக்கச் சொல்லி முதலில் இருந்து ஆரம்பித்தார். கன்டெய்னர் டிரைவர் வாசலில் சமைத்துச் சாப்பிட்டுத் துணி துவைத்துக் காயப்போட்டார்.

அந்த ஸ்டிக்கர் மேஜையோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அண்ணன் ஒரு ஷீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேதான் வெளியே வருவார். டீக்கடை கிளாஸில் விரிசலா, ஓர் அம்பு. பிரியாணிக் கடையில் கத்திரிக்காய் கம்மியா, அண்டாவில் ஓர் அம்பு. பஸ்ஸில் கம்பி ஆடினால் கம்பிக்கு, கண்டக்டர் சிடுசிடுத்தால் அவருடைய பைக்கு. கல்யாண வீட்டில் வாசல் பேனரில் மாப்பிள்ளையின் மீசைக்கு ஒட்டிவிட்டு, உள்ளே போய் மொய் எழுதி, திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பாரபட்சம் பார்க்கிற ஆள் இல்லை. அவர் வீட்டுக் கூடத்தில் அவருடைய கல்யாணப் போட்டோவில் ஓர் அம்பு உண்டு. அது அவர் மூஞ்சியைத்தான் காட்டும்.

இப்போது அந்தத் தலைவர் வருகிறார். எந்தக் கட்சி, என்ன பதவி என்று எழுத மாட்டேன். பயமா என்றால், எனக்குக் கொஞ்சம், பத்திரிகை ஆசிரியருக்கு ஜாஸ்தி. உங்களுக்குப் பிடிக்காத கொடி எதுவோ அதை நீங்களே அவர் கையில் கொடுத்துக்கொள்ளுங்கள், பொருந்தும்.

எங்கள் கம்பெனிக்குப் போகும் வழியில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சப்வே. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், பெய்யாவிட்டால் கணுக்கால் தண்ணீர். சீமைக்காரனுக்கு ஷூ தைக்கிற ஆயிரம் பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அதைக் கடந்துதான் வேலைக்குப் போவோம். தலைவர் மேடைக்கு மேடை அந்தத் தண்ணீரை வற்றவைத்தார். பேச்சில்தான். எங்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். தலைவர் கும்பிட்டபடி முழுசாக நிற்கிறார், காலடியில் 'சொன்னதைச் செய்தவரே' என்று வரவேற்பு.

தையல் லைனில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு காலை இழுத்து நடப்பாள். அண்ணனுக்கு அவள்மேல் தங்கச்சிப் பாசம். அவள் தைத்த ஷூவுக்கு அம்பு ஒட்டும்போது மட்டும் "தூசுதாம்மா, தொடச்சா போய்டும்" என்று பொய் சொல்வார். ஒரு நாள் காலையில் ஸ்டெல்லா அந்த சப்வே தண்ணீரில் வழுக்கி விழுந்து, புடவையெல்லாம் சேறாக, முழங்கை சிராய்த்து வந்து சேர்ந்தாள். அண்ணன் பார்த்தார். டீ பிரேக் விட்டதும் நேராக அந்த ஃப்ளெக்ஸுக்குப் போனார்.

நாங்கள் கிளாஸும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவர் வாயில் ஓர் அம்பு ஒட்டினார். பிறகு குனிந்து காலில் ஓர் அம்பு. தலைவருக்கு ஏதோ விபத்துக்குப் பிறகு நடையில் ஒரு சாய்வு உண்டு, ஊருக்கே தெரியும். அண்ணன் இரண்டு அடி பின்னால் வந்து இன்ஸ்பெக்‌ஷன் குரலில் சொன்னார்:

"பேசற வாயும் நடக்கற காலும் ஜோடி சேரல. நொண்டிச் சரக்கு. ரிஜெக்ட்!"

டீக்கடையே சிரித்தது. பேக்கிங் செக்‌ஷன் ஆள் ஒருத்தர் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அன்று சாயங்காலம் காட்பாடி ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஒருவர் அதை எனக்கே போட்டுக் காட்டி, "பாத்தீங்களா சார், யாரோ ஆம்பூர்க்காரனாம், செம வாய்" என்றார்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே கொடியும் கோஷமுமாகக் கூட்டம். ஷூ ஏற்றிய கன்டெய்னர் உள்ளே நிற்கிறது, வெளியே விட மாட்டேன் என்கிறார்கள். போலீசில் புகாரும் கொடுத்தாயிற்று. மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? இது இன்னா பேஜாரு?"

"ஷூவ பாத்து கொற சொன்னா சம்பளம் குடுக்கறீங்க சார். ஆள பாத்து சொன்னா மட்டும் பேஜாரா?"

"வெளிய போய் மன்னிப்பு கேளு. கேக்கலன்னா வேல இருக்காது. மேலேர்ந்து சொல்லிட்டாங்க, என் கையில ஒண்ணும் இல்ல."

"கொற இருக்குது, சொன்னேன். இதுல மன்னிப்பு எங்கேர்ந்து வந்துது?" என்று சட்டையை உதறிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்கு அன்று அவர் ஹீரோ. மதியச் சாப்பாட்டில் ஆளாளுக்கு அவர் டப்பாவில் ஒரு துண்டுக் கறி வைத்தோம். அவரும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா மட்டும் வரவில்லை. அவள் தனியாக ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்து போனார்.

"இன்னாமா, கோவமா? உனுக்காகத்தானே கேட்டேன்?"

ஸ்டெல்லா டப்பாவை மூடினாள். "அவர இன்னா வேணா கேளுண்ணா. சப்வேய கேளு, ரோட்ட கேளு. கால ஏன் இழுத்த? அந்த வார்த்தைய கேட்டுக் கேட்டுத்தான் நான் ஸ்கூலயே வுட்டேன். நேத்து நீ சொன்ன, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்."

அண்ணன் திரும்பி வந்து தன் டப்பாவையும் மூடினார். டப்பாவில் வைத்த கறியெல்லாம் அப்படியே இருந்தது. மதியத்துக்கு மேல் அவர் மேஜையில் ஓர் அம்புகூட ஒட்டப்படவில்லை. ரிப்பேர் செக்‌ஷன்காரர்கள் பயந்துபோய், அண்ணனுக்கு ஜுரமா என்று என்னிடம் ஆள் அனுப்பி விசாரித்தார்கள்.

வேலை முடியும் நேரத்தில் மேனேஜர் ஓடி வந்தார். கட்சிக்காரர்கள் ஒரு சமாதானத்துக்கு இறங்கி வந்திருந்தார்களாம். அந்த ஃப்ளெக்ஸை யாரும் தொடாமல் காவல் வைத்திருக்கிறார்கள். அம்பை ஒட்டினவன் எல்லார் முன்னாலும் தன் கையாலேயே எடுக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை அவர்கள் வீடியோ எடுப்பார்கள். முடிந்தது கதை. வேலையும் மிஞ்சும், கேஸும் போகும்.

"ஒட்டுனவன்தான் எடுக்கணுமா?" என்றார் அண்ணன். "அது நம்ம சட்டம்தானே சார். வர்றேன்."

அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்டைத் திறந்ததும் கூச்சல். ஒரே செல்போன் மயம். அண்ணன் கையைத் தூக்கி அமர்த்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஸ்டெல்லா, இப்படி முன்னாடி வாம்மா" என்றார். அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அண்ணன் குனிந்து, தலைவரின் காலில் இருந்த அம்பைக் கிழியாமல் மெதுவாக உரித்தார்.

"கால்ல கொற ஒண்ணும் இல்ல. என் கண்ணுலதான் கொற. நடக்க முடியாதவங்கள அந்த வார்த்தையால சொன்னது தப்பு. தலைவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். ஸ்டெல்லா, உன்கிட்ட அதுக்கும் மேல கேட்டுக்கறேன். மன்னிச்சிடுமா."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கை தட்டியது, விசில்கூட அடித்தார்கள். மேனேஜர் பெருமூச்சு விட்டு, கன்டெய்னர் டிரைவரைப் பார்த்து வண்டியை எடு என்று சைகை காட்டினார்.

"அடுத்தத எடுய்யா!" என்றார் வீடியோ எடுத்தவர்.

அண்ணன் செல்போனில் டார்ச்சைப் போட்டார். தலைவர் வாய்க்குப் பக்கத்தில் வெளிச்சத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தார். கட்டை விரலால் தடவினார். அப்புறம் திரும்பி, தெருக்கோடியில் மினுங்கிக்கொண்டிருந்த சப்வே தண்ணீரை ஒரு பார்வை பார்த்தார். அம்பின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டை விரலால் அழுத்தி நன்றாக ஒட்டினார்.

"இது அப்படியே இருக்கட்டும். சப்வேல தண்ணி வத்தட்டும். நானே வந்து எடுக்கறேன்."

பிறகு நடந்ததை விவரமாக எழுத முடியாது. அண்ணனின் சட்டை கிழிந்தது. நாலா பக்கமும் இழுத்தபோதும் அவர் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது பையில் இருந்த ஸ்டிக்கர் ஷீட்டைத்தான். போலீஸ் வந்து அழைத்துப் போனது. வேலை போயிற்று. கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போகிறார், கோர்ட்டு பெஞ்சின் காலில் இரண்டு அம்பு ஒட்டியிருப்பதாகக் கேள்வி.

அடங்கிப்போயிருந்தால் அந்த வேலை அவருக்கு மிஞ்சியிருக்கும். பலரும் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள். நான் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய இடத்தில் மன்னிப்புக் கேட்டார், கேட்கக் கூடாத இடத்தில் கேட்கவில்லை. பேச்சுக்கு எல்லை எது என்று டி.வி.யில் தினமும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். எனக்கு அந்த எல்லை அன்றைக்கே தெரிந்துவிட்டது, அந்த ஃப்ளெக்ஸில் காலுக்கும் வாய்க்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

அவர்கள் அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டுப் புதுசு வைத்தார்கள். மறுநாள் அதன் வாயிலும் ஓர் அம்பு. அப்போது அண்ணன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். மறுபடி மாற்றினார்கள், மறுபடி அம்பு. டீக்கடைக்காரர் கண் தெரியவில்லை என்றார், வாட்ச்மேன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை என்றார். தையல் லைன் பெண்களைக் கேட்டால் ஸ்டெல்லா முன்னால் வந்து, "ஒட்டுனவங்கதான் சார் எடுக்கணும், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சாதுவாகச் சொன்னாள். கடைசியில் ஃப்ளெக்ஸ் வைப்பதையே விட்டுவிட்டார்கள். சப்வேயில் தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அண்ணன் இப்போது பேரணாம்பட்டுப் பக்கம் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு மொபெட்டில் போய்ச் சரக்கு பார்த்துக் கொடுக்கிறார். போன மாதம் சத்துவாச்சாரியில் நான் கட்டியிருக்கும் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார், சர்க்கரை கம்மி என்றார். போகும்போது வாசல் கதவைத் தடவிப் பார்த்து, கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் ஓர் அம்பு ஒட்டிவிட்டுப் போனார். என் மனைவிக்கு வந்ததே கோபம்! "புதுக் கதவுங்க, இன்னா மனுஷன் அவரு!" என்று பொரிந்து தள்ளினாள்.

ஆசாரியைக் கூப்பிட்டு மறுநாளே கீலைச் சரிசெய்துவிட்டேன். கதவு இப்போது சத்தமே போடுவதில்லை. வெள்ளிக்கிழமை கதவு துடைக்கும்போது என் மனைவி அந்த அம்பில் ஈரம் படாமல் சுற்றிலும் துடைக்கிறாள். ஒட்டியவர் வந்து எடுக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம்.