ரீஹாம் வாய் தவறி அழைத்த விருந்து

போர்ட் சயீத்,
ரமலான், வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா இன்ஷிராஹ் அவர்களுக்குத் தம்பி ஷவ்கி ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் அருளால் இங்கு அனைவரும் நலம். அத்தானின் முழங்கால் வலி தீர நோன்போடு துஆச் செய்கிறேன்.

பெருநாள் கழிந்ததும் மகள் ரீஹாமைப் பள்ளியிலிருந்து நிறுத்தி உங்களிடம் அனுப்புகிறேன், அங்கிருந்தபடியே படித்துத் தேர்வு எழுதட்டும் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? அது நடக்காது போலிருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து அரை வருடமாகியும் அவளுக்கு ஒரு தோழிகூட இல்லை, இடைவேளையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாண்ட்விச் தின்கிறாள் என்று நோன்புக்கு முன்பே ஆசிரியை சொன்னதில் நான் உடைந்துபோயிருந்தேன். மைக்ரோபஸ் ஓட்டுநரிடம் "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, கடைசி நிறுத்தம் வரை போய் நடந்தே திரும்புகிற பிள்ளை. சரி, மரியாதைப் பேச்சாவது பழகட்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் வீட்டுக்கு நோன்பு திறக்க வரும்படி அழை, அவர்கள் இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார்கள், பேச்சு சுமுகமாக முடிந்துவிடும் என்றேன். நம் ஊரில் யார் அதை நிஜமென்று நம்பிக் கிளம்பி வருகிறார்கள்? எனக்கு முடி வெட்டுகிறவரை எத்தனையோ வருடமாக அழைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த மனுஷருக்கு என் தெருவே தெரியாது.

நேற்று நோன்பு திறக்கும் மக்ரிப் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் தட்டினார்கள். திறந்தால் படிக்கட்டு முழுக்கப் பெண்பிள்ளைகள். பாதி வகுப்பே கையில் இனிப்புப் பெட்டியோடு நிற்கிறது, அடுப்பிலோ மூன்று பேருக்கான ஒரே ஒரு வாத்து. ரீஹாம் மரியாதைப் பேச்சை நிஜம்போல் வாய் தவறிச் சொல்லித் தொலைத்திருக்கிறாள் என்று புரிந்தது. நானும் வாசலை அடைத்துக்கொண்டு, ஏதோ தவறு நடந்துவிட்டதென்று இழுத்தேன். முன்னால் நின்ற குட்டைப் பெண் விடவில்லை.

"மாமா, ரீஹாம் யார்கிட்டயும் பேசவே மாட்டா. அவளே வாயத் தொறந்து கூப்பிட்டிருக்கா. எப்படி வராம இருக்கறது?"

அதற்குள் ரீஹாம் ஒரு பெரிய தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். மூன்றாம் மாடி கௌஸர் அம்மாளைக் கண்டால் நானே ஒதுங்கிப் போவேன். அவரிடம் போய், "அத்தை, என் தோழிங்க வந்திருக்காங்க. உங்க பானையிலேருந்து எங்களுக்குக் கொஞ்சம் வேணும்" என்கிறாள். கீழே எனக்குக் கேட்ட குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அந்த அம்மாள் சோறு அடைத்த முட்டைக்கோஸ் சட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். நோன்பு திறக்கும் பீரங்கி வெடித்தபோது மேசையில் தட்டு வைக்க இடமில்லை. நானும் என் மனைவியும் அடுக்களையில் நின்று பேரீச்சம்பழமும் ரொட்டியும் தின்றோம். உள்ளேயிருந்து ரீஹாம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா, அவள் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு இல்லாத தைரியம் இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

அத்தானுக்கு ஸலாம். பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தங்கள். இறைவன் உங்கள் வீட்டு அடுப்பை என்றும் எரிய வைப்பானாக.

அன்புத் தம்பி,
ஷவ்கி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது, "வாய் தவறிச் சொன்னாலும் நல்லபடியாத்தான் முடிஞ்சுதும்மா" என்று அவளிடம் சொன்னேன். என்ன சொல்கிறாள் தெரியுமா? "வாய் தவறலப்பா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் கிழமையும் வீட்டு நம்பரும் சேத்துச் சொன்னேன்."