கோதுமைக்கு ஒரு கல்வெட்டு

என் எழுத்து முதன்முதலில் அச்சேறியது என் சித்தப்பாவின் சாவுக்காக. இருபத்து நான்கு பக்கம், வழுவழுப்பான தாள், வர்ண அட்டை. செத்தவரைத் தவிர மற்ற எல்லாமே அதில் இருந்தன.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்று சாப்பிட வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவோம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முதலில் இறந்தவருடைய ஊரின் பெருமை வரும், பிறகு வம்சம், பிறகு அவர் வாழ்ந்த விதம், கடைசியில் அழுகை. ஊரில் இதை எழுதுவதற்கென்றே புலவர்கள் இருந்தார்களாம். கனடாவில், மொன்றியலில், நான் இருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டிகள் இறக்குகிறார். அம்மாவுக்கு கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலை. எங்கள் பரம்பரையிலேயே பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான், அதுவும் புவியியலில் முதுகலை. (இந்தத் தகவலை அந்த நாட்களில் நான் பஸ் சாரதிக்குக்கூடச் சொல்லாமல் விட்டதில்லை.)

சித்தப்பா நாட்டின் மேற்கே அல்பேட்டா மாகாணத்தில், புல்வெளிக்கு நடுவே ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருந்தார். அங்கே நெடுஞ்சாலையோரம் ஒரு சிறு பட்டணம், அதில் ஒரேயொரு சாப்பாட்டுக் கடை, அந்தக் கடைக்கு அவர்தான் சமையல்காரர். கல்யாணம் கட்டவில்லை. ஒவ்வொரு பனிக்காலமும் அப்பா, "வாற கோடைக்கு ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்பார். கோடை வந்தால் சந்தையில் வேலை குவிந்துவிடும். இருபது வருடமாக அப்படியே போயிற்று. ஒரு நாள் அடுப்படியிலேயே சித்தப்பாவின் இதயம் நின்றது. பெட்டிக்குள்தான் மொன்றியலுக்கு வந்தார்.

செத்தவீடு முடிந்த மறுநாள் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"கல்வெட்டை நீ எழுது பிள்ளை. அவன் அங்கை எப்பிடி இருந்தவன், ஆரோடை கதைச்சவன், ஒண்டும் எனக்குத் தெரியாது. போய்த்தான் பாக்கேல்லை. வாசிச்செண்டாலும் பாக்கிறன்."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன் அப்பா. இதெல்லாம் ஆராய்ச்சி வேலை" என்றேன். இன்று அந்த வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆராய்ச்சிக்கு என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் சித்தப்பாவே தபாலில் அனுப்பியது. அந்தக் கவுண்டி மக்கள் தாங்களே கூடி எழுதிய ஊர்ச் சரித்திரம், செங்கல் கனம். முதல் பாகம் நிலம், இரண்டாம் பாகம் வரலாறு, மூன்றாம் பாகம் குடும்பங்கள். மூன்றாம் பாகத்தை லேசாகப் புரட்டினேன். அகர வரிசையில் வெள்ளைக்காரப் பெயர்கள், வேலியில் சாய்ந்து நிற்கும் தொப்பிக்காரர்களின் படங்கள். நமக்கு உதவாது என்று மூடிவிட்டேன்.

பிறகு எழுதினேன், எப்படி எழுதினேன்! பனியாறுகள் நிலத்தைச் சீவிவிட்டுப் போனதில் தொடங்கினேன். காட்டெருமை மந்தைகள், அவற்றை நம்பி வாழ்ந்த முதற்குடிகள், அவர்களை ஒதுக்கிவிட்டுப் போடப்பட்ட தண்டவாளம், உக்ரைனிலிருந்து ஆட்டுத்தோல் சட்டையோடு வந்து இறங்கிக் கோதுமை விதைத்தவர்கள், பகலை இருட்டாக்கிய புழுதிப் புயல், பிள்ளைகள் இல்லாமல் மூடிய பள்ளிக்கூடங்கள், இடிக்கப்பட்ட தானியக் கோபுரங்கள். மண்ணின் அடுக்குகளுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் சித்தப்பா ஞாபகம் வந்தது. அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வேறு யாருடையதோ ஒரு பழைய கல்வெட்டிலிருந்து பத்து வரியைப் பெயர்த்துப் போட்டேன். அன்பானவர், பண்பானவர், கேட்டவர்க்கு இல்லை என்னாதவர்.

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் நானே வாசலில் நின்று புத்தகம் கொடுத்தேன், பட்டமளிப்பு விழாவில் நிற்கும் முகத்தோடு. அப்பா ஒரு மூலைக் கதிரையில் உட்கார்ந்து, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு வாசிக்கத் தொடங்கினார்.

"பிள்ளை, பனியாறு எண்டா என்ன?"

விளக்கினேன். தலையாட்டினார். நான் மூன்று மேசைக்குச் சாதம் பரிமாறிவிட்டு வந்தபோது அவர் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தார்.

"இதிலை தம்பி எப்ப வருவான்?"

"பின்னுக்கு வருவார் அப்பா."

மறுபடி விரலை வைத்தார். அவர் சலிக்கவில்லை. தண்டவாளத்திலும் புழுதியிலும் தம்பியைத் தேடிக்கொண்டே போனார்.

அதற்குள் அம்மாவின் அண்ணன் சின்னராசா மாமா கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். அவர் எதையும் பின்னாலிருந்துதான் வாசிப்பார். சோற்றுக் கையை உயர்த்திக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்க வாசித்தார்: "'பேரப்பிள்ளைகளின் மழலையில் மகிழ்ந்தவர்.' எடி பிள்ளை, கலியாணமே கட்டாத மனுசனுக்குப் பேரப்பிள்ளையளோ?"

பழைய கல்வெட்டிலிருந்து அந்த வரியும் சேர்ந்து வந்துவிட்டிருந்தது.

மாமா விடவில்லை. முன் பக்கங்களைப் புரட்டினார். "இதென்ன, முழுக்கக் கோதுமையாக் கிடக்கு? இது ஆருக்கு அந்தியேட்டி? கோதுமைக்கோ?"

ஒருவருக்கு ரசம் மூக்கால் வந்தது. மண்டபமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவரும் கடைசிப் பக்கத்துக்கு வந்து, அந்தப் பத்து வரியையும் வாசித்து முடித்து, தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னட்டையில் அச்சகத்தின் பெயர் இருந்தது.

அப்போதுதான் டோரின் என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கவுண்டியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அம்மாள். சித்தப்பாவுக்காக விமானமேறி வந்து, கனத்த சப்பாத்துகளோடு மண்டபத்தின் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாள். தமிழ் எழுத்து புரியாவிட்டாலும் தானியக் கோபுரத்தின் படத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்கள் புத்தகத்திலிருந்துதானே எடுத்தாய்? நல்லது. அவனுடைய பக்கம் எங்கே?"

"எந்தப் பக்கம்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைபேசியில் படமாக எடுத்து வைத்திருந்த ஒரு பக்கத்தைக் காட்டினாள். மூன்றாம் பாகம். தொப்பிக்காரர்களுக்கு நடுவே, வேலியில் சாய்ந்தபடி, சமையல் ஏப்ரனோடு என் சித்தப்பா. அவர் சொல்லச் சொல்ல டோரின்தான் தட்டச்சு செய்தாளாம்.

அந்தப் புத்தகம் வந்த மாதம் சித்தப்பா தொலைபேசியில் கேட்டது நினைவுக்கு வந்தது. "வாசிச்சியோ பிள்ளை?" "ஓம் சித்தப்பா, முழுக்க வாசிச்சிட்டன்." "எப்பிடி இருந்தது?" "மண் விவரம் நல்லா இருக்கு." "ஓமோம்... மண் நல்ல மண்தான்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

கைபேசியை அப்பாவிடம் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தேன். பெப்ரவரியில் பஸ்ஸால் இறங்கியபோது பிடித்துக்கொள்ள ஒரு மரம்கூட இல்லையென்று பயந்தாராம். வியாழக்கிழமை சூப்பில் பச்சைமிளகாய் போட்டதற்கு விவசாயிகள் சண்டைக்கு வந்து, அடுத்த வருடம் அதற்காகவே வரிசையில் நின்றார்களாம். பனிப்புயலில் சாலை மூடப்பட்டபோது, மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு நாள் கடையிலேயே பாய் விரித்துச் சமைத்துப் போட்டாராம்.

"முடிஞ்சிதோ?" என்றார் அப்பா.

"ஓம்."

டோரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, திரையில் கடைசி வரியைத் தொட்டாள். "இதையும் சொன்னாயா?"

"என்ன விட்டனி?" என்றார் அப்பா.

வாசித்தேன். "எனக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணனின் மகள் மொன்றியலில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் ஆள். ஒரு நாள் அவள் இங்கே வந்து இந்த இடத்தைப் பார்ப்பாள்."

அப்பா என் கையிலிருந்து கைபேசியை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மெலிஞ்சிட்டான்" என்றார்.

அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி, ஒற்றைத் தாளாக அச்சடித்து, கல்வெட்டு வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்னராசா மாமா கதவைத் திறந்ததும் உள்ளே திரும்பிக் கத்தினார்: "கோதுமைப் பிள்ளை வந்திருக்கிறாள், தேத்தண்ணி போடுங்கோ!" அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. என் கல்யாண அழைப்பிதழிலும் அதையே அடிப்போம் என்கிறார்கள்.

முதுகலை ஆய்வேட்டை முடித்துப் புத்தகமாகக் கட்டிக் கொண்டுவந்த அன்று, அப்பா ஈரக் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கினார். எடையைப் பார்த்தார், அட்டையைத் தடவினார். இப்போது நான் எதை எழுதினாலும், கடைக்குப் போகும் சாமான் பட்டியலானாலும், எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியை அன்றுதான் அவர் முதலில் கேட்டார்:

"நல்லது பிள்ளை. இதிலை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"