ஒருவருக்கு ஓர் அப்பா

மற்றவர்களுக்குச் சட்டம் எழுதுவதைப் போலச் சுகமான வேலை உலகத்தில் வேறு இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே புகைக்கக் கூடாது, யார் செத்தால் அழ வேண்டும் என்று தட்டச்சில் தட்டிக்கொண்டே போகலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித் தட்டினேன். அதன் பலனாக, என் அப்பா இறந்த அன்று எனக்கு வயிற்றுப்போக்கு. (சத்தியமாக, கம்பெனிக் கோப்பில் அப்படித்தான் இருந்தது.)

எழுபதுகளின் கடைசி. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ரப்பர் சிலிப்பர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்து, ஐந்தாம் படிவம் முடித்து, எங்கள் லயத்திலேயே முதன்முதலாகக் கழுத்தில் டை கட்டியவன். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றியதில்லை. அங்கே கிராணி வேலை காலியாக இருக்கிறது என்று எனக்கு வந்து சொன்னவர் முனியாண்டி அண்ணன். பங்காளி முறை. அதே தொழிற்சாலையில் சிலிப்பர் வெட்டும் மெஷினில் நின்றார். அலுவலகத்துக்குள் போனதும் நான் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். டை கட்டியவனுக்கு அதெல்லாம் தானாக வந்துவிடுகிறது.

ஒரு நாள் மேனேஜர் லிம் என்னைக் கூப்பிட்டார். கோலாலம்பூர் தலைமையகம் சட்டப் புத்தகம் கேட்கிறதாம், நான்தான் எழுத வேண்டுமாம். கூடவே முனியாண்டி அண்ணனின் கோப்பைத் தூக்கி மேசையில் போட்டார்.

"இந்த ஆளுக்கு எத்தனை அப்பாலா?" என்று மலாயில் கேட்டார். "மூணு தடவை அப்பா செத்துட்டாருன்னு லீவு எடுத்திருக்கான்."

எனக்கு விஷயம் தெரியும். பெற்றவர் ஒருவர், பெரியப்பா ஒருவர், சித்தப்பா ஒருவர். மூன்று பேரும் அவருக்கு அப்பாதான், மூன்று சாவுக்கும் அவர் மொட்டை போட்டார். பொய் ஒன்றும் இல்லை. அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. "நான் பார்த்துக்கிறேன் சார்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். மரண விடுப்பு என்ற பகுதியில் இப்படி எழுதினேன்: 'அப்பா என்பவர் ஊழியரின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை என்று பெயர் உள்ளவர். ஓர் ஊழியருக்கு ஒருவர் மட்டுமே.' எழுதிவிட்டு எழுந்து நின்று ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. லிம் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தொழிலாளர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டும் பொறுப்பும் என்னுடையது. கேண்டீனில் நாற்காலி மேல் ஏறி நின்று படித்தேன். (ஏறாமலும் படித்திருக்கலாம்.) முனியாண்டி அண்ணன் கையைத் தூக்கினார்.

"அப்ப சித்தப்பா செத்தா நான் சிரிக்கணுமா தம்பி?"

"அழலாம்ணே. வேலை நேரத்துல அழக் கூடாது, அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

புத்தகம் தலைமையகத்துக்குப் போன மறுவாரம், காலையில் தோட்டத்து ஆபீசிலிருந்து போன் வந்தது. "தம்பி, அப்பா தவறிட்டாரு. நீ வந்து கொள்ளி போடணும். மழைக்கு முன்னாடி எடுத்தாகணும், சீக்கிரம் வந்துரு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னைப் பெற்றவர், நான் தவழும்போதே மரம் விழுந்து இறந்துபோனார். பெற்ற அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. பிள்ளையில்லாத பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னை எடுத்து வளர்த்தார்கள். அவர்களைத்தான் நான் அப்பா, அம்மா என்று கூப்பிட்டேன். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து, "எனக்குக் கொள்ளி போட ஒரு கிராணி இருக்கான்லா" என்று அவர் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரை நானே ஒரு வரியில் வெளியே தள்ளிவிட்டேன் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டம் என்பது மெஷினில் நிற்பவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

லிம்மிடம் ஓடினேன். அவர் கோப்பைப் பார்த்தார். "உன் அப்பா எப்பவோ செத்துட்டாரு. நீயே எழுதியிருக்க."

"இவர் பெரியப்பா சார். ஆனா அப்பா."

அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "லு தூலிஸ், லு பாச்சாலா." (நீதானே எழுதினாய், நீயே படி.) நாற்காலி மேல் ஏறி நின்று படித்த அதே வரியை, இப்போது தரையில் நின்று படித்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. தலைமையகத்துக்குப் போன புத்தகத்தை மறுவாரமே மீறப் பயந்தார். அனுமதியில்லாமல் வெளியே போனால் வேலை நீக்கம் என்பதும் நான் எழுதியதுதான். வேலை போனால் திரும்பவும் தோட்டத்துக்கு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டும். அந்தப் பயத்தில் நின்றேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அப்பா அங்கே கிடக்கிறார், நான் டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கடைசியில் லிம்மே குரலைத் தாழ்த்தி, "எம்.சி. எடுத்துட்டு வாலா, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்" என்றார். (எம்.சி. என்றால் டாக்டர் தரும் நோய் விடுப்புச் சீட்டு.)

கிளினிக்கில் கூட்டம். என் முறை வருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. டாக்டர் என்ன நோய் என்று கேட்டார். "அப்பா செத்துட்டாரு" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கு எம்.சி. குடுக்க முடியாது தம்பி. வயித்துப்போக்குன்னு போட்டுறவா? அதைத்தான் யாரும் சோதிக்க மாட்டாங்க."

அந்தக் காகிதத்தைத் தொழிற்சாலையில் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து ஈப்போ, அங்கே இன்னொரு பஸ் மாறி கோப்பெங், பிறகு தோட்டத்துச் செம்மண் சடக்கில், அந்தச் சாலை முழுக்க, ஓட்டம். ரப்பர் மரங்களுக்கு மேலே புகை தெரிந்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

சிதை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில், மழித்த தலையும் ஈர வேட்டியுமாக முனியாண்டி அண்ணன். எனக்கு இருந்த ஒரே அப்பா, அவருக்கு நான்காவது அப்பா. அவர்தான் கொள்ளி போட்டிருந்தார். அவருக்குச் சேதி விடியும்போதே போயிருந்தது.

"வந்துட்டியா" என்றார். கோபமே இல்லை. "முடிஞ்ச வரைக்கும் நிறுத்திப் பார்த்தோம் தம்பி. தூறல் போட ஆரம்பிச்சிருச்சு." பிறகு மெதுவாக, "எம்.சி.யில என்ன போட்டாரு?"

"வயித்துப்போக்கு."

"எனக்கும் அதான்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகி, நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி லயத்துக்கு வந்தபோது அம்மா (இனி பெரியம்மா என்று எழுத மாட்டேன்) என் டையைப் பார்த்தார். "உங்கப்பா உனக்காகக் காத்துக்கிட்டுதான்டா கிடந்தாரு. மழைதான் காத்திருக்கல" என்றார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது லிம் பரபரப்பாக இருந்தார். ஒரே நாளில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்பதைத் தலைமையகம் கவனித்துவிட்டதாம். கேண்டீன் சுத்தத்துக்கு உடனே புதுச் சட்டம் எழுதச் சொன்னார். அப்பாவின் சிதைப் புகை அடங்கிய கையோடு, மீன் குழம்பை மூடி வைப்பது பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அதோடு சேர்த்து, மரண விடுப்பில் 'வளர்த்தவரும் அப்பாவே' என்று ஒரு திருத்தமும் கொடுத்தேன். கேண்டீன் சட்டம் அமலுக்கு வந்தது. திருத்தத்தை லிம் பேனாவால் அடித்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தச் சாவு வீட்டுக்குள் நான் நுழைந்தாலும் விசாரிப்பு ஒன்றுதான்: "வயிறு எப்படி இருக்கு?" துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். செத்தவருக்காக அழுகிறார்களா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியாது.

எண்பதுகளின் கடைசியில் அம்மா ஈப்போ மருத்துவமனையில் கிடந்தார். அதற்குள் நான் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். ஒரு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "லீவு போட்டுட்டியா?" என்றார்.

"போட்டுட்டேன்மா."

"யாருக்குன்னு எழுதுன?"

"அம்மாவுக்குன்னு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த முறை மழை இல்லை. டையும் இல்லை. முனியாண்டி அண்ணன் கொள்ளிச் சட்டியை என் கையில் கொடுத்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வயிறு எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.