மாமியாரின் கடைவாய்ப் பல்

"என் வாயில என்னத்த ஊத்தப் போறீங்க?" என்று மாமியார் கேட்டபோது, பல் டாக்டர் கையுறைக்குள் பாதி விரல்களைத்தான் நுழைத்திருந்தார்.

கேள்வி நியாயமானதுதான். கடைவாய்ப் பல் அழுகி, கன்னம் வீங்கி, மூன்று நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, வேறு கதியே இல்லாமல் அந்த அம்மாள் மருமகனின் நாற்காலியில் வந்து சாய்ந்திருந்தார். கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். பல்லைக் குடைந்து வேரைச் சுத்தம் பண்ணும்போது, கழிப்பறையில் ஊற்றுகிற ப்ளீச்சைத்தான் உள்ளே விடுவார்களாம்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தயாரிப்பும் அளவும் வேறு, சரக்கு என்னவோ அதே சரக்குதான். வேருக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்க அதை விட்டால் ஆளில்லை என்பது டாக்டரின் கட்சி. வேறு யாராவது கேட்டிருந்தால் பொறுமையாக உட்கார்ந்து விளக்கியிருப்பார்.

ஆனால் இது மாமியார் ஆயிற்றே. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவரை 'மாப்பிள்ளை' என்று வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. மகளிடம் பேசும்போது 'உன் வீட்டுக்காரர்', ஊராரிடம் பேசும்போது 'அந்தப் பல் பிடுங்கறவர்'. மகளை ஓர் இதய டாக்டருக்குக் கொடுக்க ஆசைப்பட்டார், வாய்த்தது பல் டாக்டர். அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. இப்போது இவர் விளக்கப்போய், அந்த அம்மாள் எழுந்து போய்விட்டால் வீக்கம் தாடைக்கு இறங்கும், பழி இவர் தலையில் விழும்.

"மூலிகை, அத்தை," என்றார் டாக்டர். "முழுக்க முழுக்க மூலிகை."

என்ன மூலிகை, எங்கே காட்டுங்கள் என்றார் அத்தை. நல்லவேளை, போன வாரம் ஒரு விற்பனையாளர் தலையில் கட்டிவிட்டுப் போன மூலிகைக் கிருமிநாசினி ஒன்று அலமாரியில் கிடந்தது. பச்சைப் பாட்டில், மேலே நாலு இலை படம். டாக்டர் அதை எடுத்து மாமியாரின் மூக்குக்கு நேரே காட்டி, பெரிய எழுத்துகளைப் படித்தும் காட்டிவிட்டு, பின்னாலிருந்த மேஜையில் வைத்தார். மாமியார் அரை மனதோடு வாயைத் திறந்தார்.

டாக்டர் பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையைப் பின்னால் நீட்டினார். நர்ஸ் சிரிஞ்சை அதில் வைத்தாள். பதினோரு வருஷமாக இருவரும் வேலை செய்வது இப்படித்தான். இவர் கேட்கவும் மாட்டார், திரும்பிப் பார்க்கவும் மாட்டார். கை நீட்டினால் வேண்டியது வந்து உட்காரும்.

ப்ளீச் நெடி மாமியாருக்கு எட்டிவிடுமோ என்றுதான் டாக்டருக்கு உதறல். அவருக்கே எந்த நெடியும் தெரியாது. இருபது வருஷம் கிராம்புத் தைலத்திலேயே ஊறி அவருடைய மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. வேலை முடிந்ததும் மாமியார் வாய் கொப்பளித்துவிட்டு, நல்ல தழை வாசம் அடிக்கிறது என்று மெச்சினார். நம்பிக்கை வந்துவிட்டால் மனுஷ மூக்கு என்னவெல்லாம் கற்பனை பண்ணுகிறது என்று டாக்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்று தடவை வந்துபோனதில் வீக்கம் வடிந்தது, வலியும் போன இடம் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அந்த அம்மாள் மகளைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றார். டாக்டருக்கு வாயில் வைத்த கவளம் இறங்கவில்லை. மனைவி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கதை இந்த இடத்திலேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

ஆனால் மாமியாருடையது சும்மா இருக்கிற வாயா? வலி வேறு போய்விட்டது. காலையில் தன்னோடு நடக்க வருகிற கோஷ்டியிடம் அவர் விஷயத்தை அவிழ்த்துவிட, ஒரே மாதத்தில் ஒன்பது பேர் வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்பது பேருக்கும் மூலிகைதான் வேண்டுமாம். டாக்டரும் ஒவ்வொருவரிடமும் பச்சைப் பாட்டிலைக் காட்டினார், கையைப் பின்னால் நீட்டினார். ஒன்பது பேருக்கும் குணமாயிற்று. ஆகாமல் என்ன, உள்ளே போனது ப்ளீச் ஆயிற்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இருந்தாலும் மனசாட்சி உறுத்தியது. இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடலாம் என்று, அந்த மூலிகைக் கம்பெனியையே மூடிவிட்டார்கள் அத்தை என்று ஒருநாள் பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லிவைத்தார். அதனாலென்ன, இலையின் பெயரைச் சொன்னால் நானே காய்ச்சித் தருகிறேனே என்றார் அத்தை. அது மலை உச்சியில் மட்டும்தான் முளைக்கும் என்றார் இவர். எந்த மலை, என் அண்ணன் மகன் வனத்துறையில்தானே இருக்கிறான் என்றார் அவர். வேறு வழியில்லாமல் டாக்டர் இரண்டே நாளில் கம்பெனியைத் திரும்பத் திறந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடவோ என்னவோ, மாமியார் குடியிருப்போர் சங்கத்து ஹாலைப் பிடித்து ஒரு கூட்டத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார். தலைப்பு 'மூலிகையால் வேர் சிகிச்சை'. பேச்சாளர், சொல்லவே வேண்டாம். முன்வரிசையில் பல் மருத்துவர் சங்கத்தின் செயலாளர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் டாக்டரின் கண் பின்வாசலைத் தேடியது. கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு.

மாமியார் மேடையேறி, "என் மாப்பிள்ளை" என்று நாலு தடவை சொல்லிவிட்டு இறங்கினார். டாக்டர் ஐந்து நிமிஷம் பூசி மெழுகினார். பிறகு செயலாளர் எழுந்தார். கிண்டல் பண்ணியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அந்த மனுஷனோ நெகிழ்ந்துபோய்ப் பேசினார். பத்துக்குப் பத்து பேருக்குக் குணமா, நான் இதை நம்பாமல் இருந்துவிட்டேனே, குறிப்புகளைக் கொடு, சங்கப் பத்திரிகையில் போடுவோம், நாளைக்கே நாங்கள் எல்லோரும் மாறிவிடுகிறோம் என்றார்.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாமியாரை ஏமாற்றுவது குடும்ப விவகாரம். இதை அச்சில் போட்டால், தன் பேச்சை நம்பி எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ பற்களில் கைவைப்பார்கள். முன்வரிசையில் மனைவி பெருமை தாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷம் காத்திருந்து கிடைத்த 'மாப்பிள்ளை' பட்டம் இதோடு போச்சு என்று தெரிந்தேதான் அவர் மைக்கைப் பிடித்தார்.

"குறிப்பும் இல்லை, மூலிகையும் இல்லை. உங்க எல்லாருக்கும் நான் ஊத்தினது ப்ளீச்."

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியேறினார். மாமியார் நிதானமாக எழுந்து, "உன் வீட்டுக்காரர் பேசி முடிச்சிட்டாரா?" என்று மகளைக் கேட்டுவிட்டு நடந்தார். மனைவி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பத்தே நிமிஷத்தில் ஹாலில் காலி நாற்காலிகள்தான் மிச்சம்.

டாக்டர் மேடைப் படியில் உட்கார்ந்தார். அழுகை முட்டியது. ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மானம் போனாலும் போகட்டும், மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டோம், அது போதும் என்று பெருமூச்சு விட்டார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் மெல்ல எழுந்து பக்கத்தில் வந்தாள். அவள் முகத்தில் இதுவரை இல்லாத ஒரு கலவரம்.

"நீங்க மூலிகைன்னு பாட்டிலை எடுத்து வச்ச நாள்லேர்ந்து நான் அதைத்தானே டாக்டர் சிரிஞ்சுல ஏத்தித் தர்றேன், மூணாவது பாட்டில்கூட வாங்கியாச்சு, அப்புறம் எதுக்கு இத்தனை பேர் முன்னாடி இப்படி ஒரு பொய் சொன்னீங்க?"