மூன்று ஷிப்டில் அடித்த வாசல் சுவர்

வடக்குப்பட்டு
12-2-1984, ஞாயிறு

மரியாதைக்குரிய மூத்த அண்ணன் ரகுபதி அவர்களுக்கு, தம்பி பரசுராமன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் கோவிந்தம்மாவும், எங்களோடு தங்கி டைப்ரைட்டிங் படிக்கும் தங்கள் மகள் செங்கமலமும் பெருமாள் கிருபையால் நலம். நெய்வேலியில் தாங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியிருப்பது உடம்பை மட்டும் குறிக்கும். மற்றவை கீழே.

வரும் வெள்ளிக்கிழமை செங்கமலத்துக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் நாங்கள் குடியிருந்து பார்த்துக்கொள்ளும் தங்கள் வீட்டுக்கு இளம்பச்சை அடித்துவைக்கும்படி எழுதியிருந்தீர்கள். "வெளியாள் எதற்கு, நீதான் பெயிண்டிங் தொழில் ஆரம்பித்திருக்கிறாயே" என்றும் எழுதியிருந்தீர்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எழுதியது தாங்கள்தான் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்திவிட்டதால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. பெயிண்ட் செக்ஷன் யாகப்பன், பேக்கிங் செக்ஷன் பாண்டுரங்கன், இன்ஸ்பெக்ஷன் செக்ஷன் நான். மாதா பெயர்தான் வைக்கவேண்டும் என்று யாகப்பனும், பெருமாள் பெயர் இல்லாவிட்டால் பிரஷ்ஷைத் தொடமாட்டேன் என்று பாண்டுரங்கனும் நின்றதில், கடைசியில் யார் மனசும் நோகாமல் 'திரீ ஷிப்ட் பெயிண்டிங் அண்டு டெக்கரேஷன்' என்று போர்டு எழுதினோம். அந்தப் பெயரை வைத்த வேளைதான் சரியில்லை என்கிறாள் கோவிந்தம்மா.

ஏனென்றால் மூன்று பேரும் மூன்று ஷிப்ட். ஒருவன் கம்பெனிக்குள் இருக்கும்போது ஒருவன் தூங்குவான், மிச்சமிருக்கிறவன் தங்கள் வீட்டில் சாரத்தின்மேல் இருப்பான். சேர்ந்தாற்போல் நாங்கள் அங்கே நின்றதே கிடையாது. கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு அண்ணா, தங்களுக்கும் நெய்வேலியில் தெரிந்திருக்கும். ஷிப்டுக்கு வருகிறவன் முதலில் மிஷினைப் பார்க்கமாட்டான். போன ஷிப்டுக்காரன் என்ன நாசம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் பார்ப்பான். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. முதலில் யாகப்பன் வந்து வாசல் சுவருக்குப் பச்சை அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பாண்டுரங்கன் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். "இன்னா பச்சை இது, குளத்துப் பாசியாட்டம் கீது? போன ஷிப்டுக்காரன் வேலைன்னா இப்டித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதன்மேலேயே வேறொரு பச்சையைக் கலந்து முழுசாக அடித்துவிட்டார். அதற்கு அடுத்தபடி வந்த யாகப்பன், "இவன் அட்டைப்பொட்டி ஒட்றவன், இவனுக்கு இன்னா தெரியும் கலரைப் பத்தி" என்று திரும்ப அடித்தார். கோவிந்தம்மா என்னிடம், "நீங்களும் ஒரு கை அடிச்சிடுங்க, ஏன் குறை" என்றாள். அடித்தேன். அவர்கள் இருவரும் அடித்தது எனக்கும் சரியாகப் படவில்லை.

இப்படிப் பொங்கல் கழிந்ததிலிருந்து வாசல் சுவர் ஒன்றுதான் நடக்கிறது. ஜன்னல் கதவுகள் பெயிண்ட் தடித்துப்போய் மூடமாட்டேன் என்கின்றன. கொசு வருகிறது. பக்கத்துச் சுவர்களுக்கு இன்னும் சுண்ணாம்புகூடக் காட்டவில்லை. வீடு கட்டியபோதே இத்தனை நாள் ஆகவில்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொறாமை.

இதில் என் உத்தியோகம் ஒன்று குறுக்கே வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். கம்பெனியில் சரியில்லாத சாமானைக் கண்டால் சிவப்பு பெயிண்டில் ஒரு பெருக்கல்குறி போட்டு 'ரிஜெக்ட்' என்று எழுதித் தள்ளிவைப்பது என் வேலை. கை சும்மா இருக்குமா? பாண்டுரங்கன் அடித்த இடத்தில் பெயிண்ட் வழிந்து நின்றதைப் பார்த்தேன், போட்டேன். யாகப்பன் விட்டுவிட்ட இடத்தைப் பார்த்தேன், அங்கேயும் போட்டேன். எங்கெங்கே போட்டேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. வேலை முடிந்ததும் எல்லாம் மறைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வேலை முடியும் என்று நான் நம்பியது தவறு.

டெக்கரேஷன் பாண்டுரங்கன் பொறுப்பு. கலர் காகிதத் தோரணம் நன்றாகவே கட்டினார். ஆனால் 'நல்வரவு' எழுத அட்டை வெட்டத் தெரியாமல், கம்பெனியில் பெட்டிகளுக்கு 'உடையும்', 'நனையக்கூடாது', 'இந்தப் பக்கம் மேலே' என்று படமாக அச்சு வைக்கும் தகட்டைக் கொண்டுவந்துவிட்டார். ஆகையால் வாசலுக்கு இடப்பக்கம் ஒரு கண்ணாடி டம்ளரும், வலப்பக்கம் ஒரு குடையும், நடுவில் மேலே பார்த்து இரண்டு அம்புக்குறியும் இருக்கின்றன. பார்வைக்கு மோசமில்லை.

இந்த நிலையில்தான் நேற்று மாப்பிள்ளை வீட்டார், எத்தனை பேருக்கு இலை போட இடம் இருக்கிறது என்று பார்த்துப்போக, சொல்லாமல் கொள்ளாமல் காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பாபு, அவர் தாயார் செல்லம்மாள், தகப்பனார். நான் ஷிப்டில் இருந்தேன். நடந்ததெல்லாம் கோவிந்தம்மா சொன்னது. தகப்பனார் சுவரைப் பார்த்து, "டம்ளர் படம் இன்னாத்துக்கு?" என்று கேட்டிருக்கிறார். கோவிந்தம்மா கொஞ்சமும் தயங்காமல், "வந்தவங்களுக்குக் காபி உண்டுன்னு அர்த்தம்ங்க" என்றிருக்கிறாள். அதுவரைக்கும் சரி. அந்த அம்மாள் படியேறும்போது தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நிலைப்படிக்கு நேர் மேலே, மாப்பிள்ளை தலைக்கு மேலே சரியாக, சிவப்பில் ஒரு பெருக்கல்குறி. அதன் கீழே கொட்டை எழுத்தில் 'ரிஜெக்ட்'.

"யாரை?" என்று கேட்டார்களாம்.

அவர்கள் மூன்று பேரும் வந்த காரிலேயே ஏறிவிட்டார்கள். நம் வீட்டில் கை நனைக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கம்பெனியில் நான் இங்கிலீஷில்தான் எழுதுவது வழக்கம். இது நம் வீடாயிற்றே என்று கை தானாகத் தமிழில் எழுதிவிட்டது போலிருக்கிறது.

அண்ணா, தங்கள் மகளுடைய நல்ல காரியம் என் கையால் கெட்டுப்போனதே என்று நேற்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுதும்போதே கண் கலங்குகிறது. ஆகையால் நாளைக் காலை லீவு போட்டுவிட்டுக் காஞ்சிபுரம் போகிறேன். அந்த அம்மாள் காலில் விழுந்து, ரிஜெக்ட் செய்தது பாண்டுரங்கன் அடித்த கோட்டிங்கைத்தானே தவிர தங்கள் பிள்ளையாண்டானை அல்ல என்று சொல்லப்போகிறேன். சாட்சிக்கு யாகப்பன் வருகிறார். பாண்டுரங்கனும் வருகிறார், ஆனால் அவர் கோட்டிங்கில் குறையில்லை என்று அங்கேயே சொல்லுவேன் என்கிறார். தாங்கள் என்னை மன்னித்து, வெள்ளிக்கிழமை எப்படியும் வந்து சேரவும். இந்தத் தொழிலை இன்றோடு தலைமுழுகுகிறேன். அண்ணிக்கு என் நமஸ்காரம். தங்கள் இருவர் ஆசீர்வாதமும் என் தலைமேல் இருக்கட்டும். இப்போது அதற்குத்தான் அவசரம்.

தங்கள் அன்புத் தம்பி,
பரசுராமன்

பின்குறிப்பு: கவரின் மேல் விலாசம் இங்கிலீஷில் எழுதித்தரச் சொல்லி, கடிதத்தைச் செங்கமலத்திடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதாமல் கடிதத்தை முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "சித்தப்பா, நீங்க போட்ட பெருக்கல்குறி எல்லாம் ஜன்னலாண்ட கீது. வாசப்படி மேல எழுதனது நான்" என்றாள்.

ஏன்மா தமிழில் எழுதினாய் என்றுதான் கேட்டேன். "இங்கிலீஷ்ல எழுதினா அந்த அம்மாவுக்குப் படிக்க வராதே" என்றாள்.

பெண் பார்க்க வந்த அன்றே அந்தப் பையன், டைப்ரைட்டிங் பரீட்சை எழுதவேண்டாம், கல்யாணத்துக்கு அப்புறம் வேலை கீலை என்ற பேச்சே கூடாது என்று சொன்னாராம். "வேணாம்னு அப்பாவுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன் சித்தப்பா. வூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியாச்சி, இனிமே இன்னா பேச்சுன்னு பதில் வந்துச்சி. அதான் பெயிண்ட்லயே எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஆகவே மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்பு, காஞ்சிபுரம் பிரயாணம், காலில் விழுவது எல்லாம் ரத்து. இத்தனை வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருப்பவன் சொல்கிறேன், காரணம் கேட்டுப் பார்த்ததில் ரிஜெக்ட் சரியாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை தாங்களும் அண்ணியும் அவசியம் வாருங்கள். வாசலுக்கு மேலே இருப்பதை நான் அழிக்கப் போவதில்லை, மற்ற இரண்டு பேரையும் பிரஷ்ஷோடு அந்தப் பக்கம் விடவும் போவதில்லை. உங்கள் பெண் உங்களுக்கு எழுதிய மூன்றாவது கடிதம் அது. நின்று படித்துவிட்டு உள்ளே வாருங்கள்.