சனியை உறிஞ்சும் பிளாஸ்டிக்

நயினாருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தாராவியில் பிளாஸ்டிக் மூட்டை சுமக்கிறவன். செருப்பு மாட்டக் குனிந்தாலே கண்ணில் நீர் முட்டும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதற்கு வைத்திருந்த நாலாயிரத்தோடு அவன் மாட்டுங்காவுக்குப் போனான். அங்கேதான் விஞ்ஞானம் அவதாரம் எடுத்திருந்தது.

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் நானோ குருஜி சாய்நாத்.

"கார்பன் நானோ குழாய், கரண்ட் கடத்துற பாலிமர், ரெண்டையும் சனி ஹோரையில கலந்திருக்கேன். சனியும் கறுப்பு, கார்பனும் கறுப்பு. வலியை உறிஞ்சி எர்த் பண்ணிடும்!"

கறுப்புத் தகட்டின் இரு முனையிலும் ஒயரை வைத்தார். பல்பு எரிந்தது. கூட்டம் கும்பிட்டது. பல்பு எரிந்தால் இடுப்பு எப்படிச் சரியாகும்? யாரும் கேட்கவில்லை. கேட்டால் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களே!

துணிப் பட்டைக்குள் தைத்த தகடு நாலாயிரம். பிரித்தால் சக்தி போய்விடுமாம். கிலோ இருபதுக்குப் பழைய பிளாஸ்டிக் விற்கிற ஆட்கள், நூறு கிராமை நாலாயிரம் கொடுத்து வாங்கினார்கள்.

நயினாரும் வாங்கி, ஒரு வாரம் இடுப்பில் கட்டினான். வலி காலுக்கு இறங்கியது.

"சனி இறங்குதுல்லா" என்றான் பெருமையாக.

அவன் மனைவி மாரீஸ்வரிக்குப் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற வேலை. துண்டைக் கொளுத்தி, மோந்தே இனம் சொல்லுவாள். பட்டையைப் பிரித்தாள்; தகட்டின் ஓரத்தை லைட்டரில் காட்டி மோந்தாள். அடுத்த ஞாயிறு புருஷனை இழுத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

"குருஜி, ஒங்க பல்ப இந்தத் தகட்டுல எரிய விடுங்க பாப்போம்."

"பிரிச்சிட்டியேம்மா, சக்தி போயிடுத்து."

"மேடைத் தகடும் வெளியதான கெடக்கு? அதுக்கு மட்டும் எப்படி நிக்குதாம்?"

கத்தரியை எடுத்து மேடைத் தகட்டை நறுக்கினாள். உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டியது.

"பழைய பெயிண்டு டப்பாவ உருக்கி, கரியப் போட்டிருக்கீரு. கொளுத்துனா மெழுகுவத்தி வாட அடிக்கி. நெசமான சாமானுக்குக் கம்பி எதுக்குவே?"

ஆய்வுக்கூடங்களில் குருஜி சொன்ன நானோ கலவை உண்மையிலேயே இருக்கிறது. கம்பியில்லாமல் கரண்டும் கடத்துகிறது. பாவம், அதற்குச் சனிப் பெயர்ச்சிதான் தெரியாது.

குருஜி பின்வாசலைப் பார்த்து ஓடினார். முன்வரிசையில் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஷ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "பாவம் குருஜி, சப்ளையர் அவரை ஏமாத்திட்டான் போலிருக்கு."

கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம். மேடைப் பேச்சை அப்படியே விழுங்குகிறோம். தலை மூட்டை சுமக்க மட்டுமில்லை ஐயா, கொஞ்சம் யோசிக்கவும் ஆகும்.

நயினாரின் இடது கால் இப்போது மரத்துக் கிடக்கிறது. சாய்நாத் அவனுக்கு நாலாயிரம் ரூபாய் தர வேண்டும். இன்னும் தரவில்லை.